ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்த நலவாரியம்

எங்கள் ஊரில் கட்டட வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கூலி. மேஸ்திரியிடம் கணக்கை முடித்து, ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே என் கடைக்கு வருவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், அவ்வளவுதான் கடை. "வாரியம் போடணும் தம்பி", "வாரியத்தைப் புதுப்பிக்கணும்", "வாரியப் பணம் ஏறிடுச்சான்னு பாரு" என்று வாராவாரம் இதே பேச்சு. வாரியம் என்று அவர்கள் சொல்வது தொழிலாளர் நலவாரியத்தை. இந்த மேசைக்குப் பின்னால் இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். திட்டம் இல்லாமல் ஏமாந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. திட்டம் இருந்தும் பணம் கைக்கு வராதவர்கள்தான் நிறைய. எப்போதோ, யாரோ அவசரத்தில் நிரப்பிய ஒரு காகிதம் அவர்களை மாட்டிவிட்டிருக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள், பெயின்டர், பிளம்பர், டைல்ஸ் போடுபவர் ஆகிய இவர்களில் பெரும்பாலோருக்குப் பிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது. இந்த மாதம் ஒரு மேஸ்திரி, அடுத்த மாதம் இன்னொருவர். முதலாளி என்று காட்ட ஆளே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. அப்புறம் ஆட்டோ ஓட்டுநர், தையல், சலவை, முடிதிருத்தம், வீட்டு வேலை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் வாரியங்கள் வந்தன. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்ணாடி, விபத்து, இயற்கை மரணம், ஈமச்சடங்கு, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. தொகை வாரியத்துக்கு வாரியம் மாறும், அவ்வப்போது கூட்டுவார்கள். கட்டுமான வாரியம்தான் கொஞ்சம் வசதியானது.

அதற்குக் காரணம் என் கடையிலேயே தெரியும். பிளான் அப்ரூவலுக்கு அலைகிற வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் கட்டண விவரத்தில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு வரி இருக்கும். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு. 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி வசூலிக்க ஆரம்பித்தது. தான் குடியிருக்கக் கட்டுகிற வீடு, செலவும் 10 லட்சத்துக்குள் என்றால் அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. "இது எதுக்குங்க தண்டமா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஸ்டூலில் அதே தெருவில் செங்கல் சுமக்கிற அக்கா தன் வாரிய அட்டையைப் புதுப்பிக்க உட்கார்ந்திருந்தார். அவருக்குத்தான் என்று கையைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஏதோ பிச்சை கேட்பதுபோலக் கூசிக் கூசி வருகிறவர்களிடம் இதை விவரமாகவே சொல்வேன்: நீங்கள் கட்டின கட்டடம் கொடுத்த பணம் இது, தைரியமாகக் கேளுங்கள். வசூலான பணம் தொழிலாளிக்குப் போய்ச் சேராமல் கிடப்பதைப் பற்றி 2018-இல் உச்ச நீதிமன்றமே கடுமையாகக் கேட்டிருக்கிறது.

அட்டைக்கு மதிப்பு வந்தது 2020-இல். ஊரடங்கு போட்டு வேலை மொத்தமாக நின்றபோது, வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் அறிவித்தார்கள். கடை மூடியிருந்தது. என் போனுக்கு அட்டைப் படங்களாக வந்து குவிந்தன. மடிந்தது, எலி கடித்தது, பழைய சேலைக்கடைப் பைக்குள் இருந்து எடுத்தது. அதில் நிறைய அட்டைக்கு உயிர் இல்லை. பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்னவர் தொழிற்சங்கத்தை விட்டே போய்விட்டார். அட்டையின் பின்பக்கத்தை உடனே ஒருமுறை திருப்பிப் பார்த்து, எந்தத் தேதி வரை என்பதை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். லேமினேஷன் போட்டுவிட்டால் அட்டை சாகாது என்று நினைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

சரி, பெயர் விவகாரத்துக்கு வருவோம். என் நேரத்தில் பாதி இதற்குத்தான் போகிறது. ஒரு முருகன் என்று வையுங்கள். அப்பா பெயர் குப்புசாமி. ரேஷன் கார்டில் வெறும் முருகன். ஆதாரில் முருகன் குப்புசாமி. வங்கிப் பாஸ்புக்கில் கே. முருகன். பத்தாம் வகுப்புப் பாதியில் நின்ற சான்றிதழில் கு. முருகேசன். ஊரே ஒரே ஆள் என்று சொல்லும், கம்ப்யூட்டர் நான்கு பேர் என்று சொல்லும். பெண்களுக்கு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், அப்புறம் கணவர் இனிஷியல், கணவர் பெயரையே இனிஷியலாக முழுசாக எழுதிய ஆதார் என்று குழம்பிக் கிடக்கும். பதிவு செய்யும்போது இது எப்படியோ தாண்டிப் போய்விடும். உதவி கேட்டு மனு போடும்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த நேரத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் வீட்டில் சாவு நடந்திருக்கும்.

நான் சொல்லித் தருகிற வழி: முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள், மற்ற எல்லாவற்றையும் அதன்படி மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் வேலை முடியவே முடியாது. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். அதனால் கவுன்டரில் "சும்மா மாத்திப் பார்ப்போம்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

பிறந்த தேதி என்றதும் இன்னொன்று. ஆதார் முகாம் நடந்த காலத்தில் வயது கேட்டிருப்பார்கள், இவர்கள் "நாற்பது இருக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். உடனே ஜனவரி 1 என்று ஒரு தேதி விழுந்துவிட்டது. ஊரில் ஒரு தலைமுறையே ஜனவரி முதல் தேதியில் பிறந்த மாதிரி இருக்கும். வாரியத்தில் சேர 18 முதல் 60 வயது வரைதான். ஆதாரில் நாலு வயது கூட விழுந்தவர் இன்னும் சாரத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருப்பார், காகிதத்தில் 61 ஆகியிருக்கும், சேர்க்க முடியாது. வயது குறைவாக விழுந்தவருக்கு ஓய்வூதியம் அத்தனை வருடம் தள்ளிப் போகும். நல்ல ஆதாரம் கையில் இருந்தால் ஐம்பது வயதிலேயே இதைச் சரிசெய்துவிடுவது புத்திசாலித்தனம்.

அப்புறம் போன் நம்பர். ஓடிபி வராமல் இன்றைக்கு ஒன்றும் நகராது. பதிவு செய்தபோது கொடுத்த நம்பர் மருமகனுடையதாக இருக்கும், அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இருக்காது. அல்லது ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு, அந்த நம்பர் எங்கேயோ ஒரு வடநாட்டுக்காரருக்குப் போயிருக்கும். நாங்கள் இங்கே ஓடிபி கேட்டால் அவருக்குப் போகும். வீட்டில் யாராவது ஒருவர் மாற்றாமல் வைத்திருக்கிற நம்பரை, முடிந்தால் தன் பெயரிலேயே இருக்கிற நம்பரை, ஆதாருக்கும் வங்கிக்கும் வாரியத்துக்கும் ஒன்றாகக் கொடுங்கள்.

வங்கிக் கணக்கிலும் இதே கதைதான். இரண்டு வருடம் போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்கு முடங்கிவிடும். 2020 ஏப்ரலில் சில வங்கிகளை ஒன்றோடு ஒன்று இணைத்தார்களே, அதில் பழைய பாஸ்புக்கின் ஐஎஃப்எஸ்சி எண்ணும் செல்லாமல் போனது. சிண்டிகேட் வங்கிப் பாஸ்புக்கை இன்னமும் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கனரா ஆகி வருடங்கள் ஆகிவிட்டன.

சித்தாள் வேலை செய்கிற பெண்கள் நிறையப் பேர் தனியாகப் பதிவு செய்வதில்லை. "அவர் போட்டிருக்காரே" என்பார்கள். கணவருடைய அட்டை கணவருக்கு. அவர் தவறிப்போனால் இவருக்கு உதவி வரும், இவர் சாரத்திலிருந்து விழுந்தால் அந்த அட்டை உதவாது. இவருக்கு 60 ஆனாலும் ஓய்வூதியம் வராது. முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் அவரும் தொழிலாளிதான். பணிச்சான்றுக்கு எங்கள் பக்கம் சங்கத்தையோ விஏஓவையோதான் நாடுகிறார்கள். "பொம்பளைக்கு எதுக்குத் தனியா?" என்று கேட்கிற ஆட்களும் உண்டு. அந்தக் கேள்வியை மேசையிலேயே வைத்துவிட்டு, அடுத்த வாரம் அந்த அக்காவைத் தனியாக வரச் சொல்லிவிடுவேன்.

இப்போது, எழுதவே கொஞ்சம் கனமான விஷயம். பெயின்டர் ஒருவர், மூன்றாவது மாடியில் வெளிச்சுவர் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தார், பிழைக்கவில்லை. அட்டை உயிரோடு இருந்தது, நானே புதுப்பித்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே மேஸ்திரி வீட்டாரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "வீட்டு மாடியில தவறி விழுந்ததா சொல்லிடுங்க, போலீஸ் கேஸ்னு அலைய வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்." கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், பயம். கட்டட உரிமையாளருக்கும் பயம். அழுதுகொண்டிருக்கிற குடும்பத்துக்கு அது ஒரு உதவிபோலக்கூடத் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் உள்ளே நுழைந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏஆர் என்று சொல்வது அதைத்தான். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று அதில் விழுகிற வரிதான் பின்னால் எஃப்ஐஆருக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் அடிப்படை. அதில் வீடு என்று இருந்தால் வேலையிடம் என்று அப்புறம் நிரூபிப்பது பெரும்பாடு. பணியிட விபத்து மரணத்துக்குக் கட்டுமான வாரியத்தில் லட்சக்கணக்கில் கிடைக்கும். இயற்கை மரணத்துக்கான தொகை அதன் பக்கத்தில்கூட வராது. அந்தப் பெயின்டரின் மைத்துனர் விவரமானவர். "வேலை செஞ்ச இடத்துல விழுந்தாருன்னே எழுதுங்க" என்று நின்றுவிட்டார். போஸ்ட்மார்ட்டத்துக்கு அம்மா சம்மதிக்கவில்லை, உடம்பை அறுக்கக்கூடாது என்று அழுதார். அவரையும் உட்கார்ந்து பேசித்தான் சம்மதிக்க வைத்தார்.

அதற்கப்புறமும் ஒரு சிக்கல். அட்டையில் நியமனதாரராக, அதாவது நாமினியாக, இருந்தது அவருடைய அப்பா. அவர் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்தது, அப்புறம் யாரும் மாற்றவில்லை. மனைவி பெயரில் பணம் வர, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் இழுத்தது, ஆனால் வந்தது. இதற்கு முன்னால் இன்னொரு குடும்பம் மேஸ்திரி பேச்சைக் கேட்டு, போஸ்ட்மார்ட்டம் இல்லாமலே எரித்துவிட்டு வந்தார்கள். "பார்த்துக்கிறேன்" என்றவர் காரியச் செலவு வரை பார்த்துக்கொண்டார்.

நீங்கள் மேஸ்திரியாக இருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை: வாரியம் கொடுக்கிற பணம் உங்கள் பையிலிருந்து போவதில்லை. எஃப்ஐஆர் என்றால் ஜெயில் என்று பயந்து, உங்களோடு பத்து வருடம் வேலை பார்த்தவனின் பிள்ளைகளுக்கு வர வேண்டியதைத் தடுத்துவிடாதீர்கள். வேலையில் இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லிருந்தே இந்த நாட்டில் சட்டம். அது வாரியப் பணத்திலிருந்து தனி. அதற்குக் கோரிக்கை வைக்க இரண்டு வருடம்தான் கெடு, ஒரு வக்கீலையோ சங்கத்தையோ சீக்கிரம் பார்ப்பது நல்லது. பதிவு செய்திருப்பவர்கள், கல்யாணம் ஆனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் நியமனதாரரை மாற்றுவது. ரேஷன் கார்டில் மனைவி பெயரைச் சேர்க்க ஓடுகிறோமே, அதே ஓட்டத்தில் இதையும் முடித்துவிடலாம்.

வாரியத்துக்கு வெளியே இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலிவு. வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு தருகிறார்கள், 18 முதல் 70 வயது வரை சேரலாம். இன்னொன்று 436 ரூபாய், 18 முதல் 50 வயது வரை சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், ஆனால் சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்து தவிர வேறு காரணத்தால் இறந்தால் கிடைக்காது. இரண்டுக்கும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுப்பார்கள். கூலிப் பணம் விழுந்த அன்றே மொத்தமாக உருவிவிடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு. மே மாதம் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு சத்தமில்லாமல் அறுந்துவிடும். எனவே அந்த மாதம் மட்டும் 500 ரூபாயை விட்டு வையுங்கள். பாஸ்புக்கில் வரி அடித்து, பிடித்திருக்கிறார்களா என்று ஜூனில் பாருங்கள். இந்தக் காப்பீடு இருப்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கணவர் போய் ரொம்ப நாள் கழித்து, பாஸ்புக்கில் 20 ரூபாய் வரியை நான் காட்டித் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

2021 ஆகஸ்ட்டில் ஈ-ஷ்ரம் என்று மத்திய அரசின் தொழிலாளர் பதிவு வந்தபோது ஒரே கூட்டம். 16 முதல் 59 வயது வரை, 12 இலக்க எண்ணோடு ஓர் அட்டை. அதை வாங்கியதும் வாரியத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், "அதான் புதுசா மத்திய அரசு அட்டை வந்துடுச்சே" என்று. அது ஒரு பதிவேடு, இது உதவி தருகிற வாரியம். இரண்டும் வேறு, இரண்டும் இருக்கட்டும். மாதாமாதம் பணம் கட்டி 60-க்கு மேல் 3,000 ரூபாய் வாங்குகிற மத்திய ஓய்வூதியத் திட்டத்தையும் கேட்பார்கள். 18 வயதில் சேர்ந்தால் 55 ரூபாய், 40-இல் சேர்ந்தால் 200. மழைக்காலத்தில் இரண்டு மாதம் கட்ட முடியாமல் போனதும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

வாரியத்தில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. நான் வாங்குவது ஸ்கேன், டைப்பிங் கூலி. சங்கங்கள் சந்தா வாங்குகின்றன. மனு திரும்பி வந்தால் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுகிற சங்கத்துக்கு அந்தச் சந்தா தகும் என்றே நினைக்கிறேன். ஓய்வூதியம் வாங்கித் தருகிறேன், பாதியைக் கொடு என்கிறவர் வேறு ரகம். எந்த மனு போட்டாலும் அதன் எண்ணைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "போட்டாச்சு" என்று வாயால் சொன்னதை நம்பி ஒரு வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலை இல்லாத நாளுக்கு என்ன கிடைக்கும்? இதுதான் எனக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொத்தனாரும் சித்தாளும் வீட்டில்தான் இருப்பார்கள். எங்கள் ஊர் பேரூராட்சி, அதனால் நூறு நாள் வேலையும் கிடையாது. கடலோரத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறார்கள். தில்லியில் 2021-இல் காற்று மாசுக்காகக் கட்டட வேலையை நிறுத்தியபோது தொழிலாளிக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். மழைக்கும் அப்படி ஒன்று கொடுக்க முடியாது என்று என்னால் நம்ப முடியவில்லை, அந்த 1 விழுக்காடு நிதி அதற்கும்தானே?

படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் ஓர் உதவித்தொகை உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள். பத்தாவது தேறாதவர்க்கு மாதம் 200, தேறியவர்க்கு 300, பன்னிரண்டாவது 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று வருடத்துக்கு. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், காத்திருப்பும் ஒரு வருடம்தான். 600 ரூபாயில் ஒரு பட்டதாரி என்ன செய்வார் என்று கேட்டால் போன் ரீசார்ஜ் செய்து, இரண்டு நேர்காணலுக்குப் பஸ் ஏறலாம். இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாவது முடித்ததும் பள்ளியிலேயே பதிந்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்களுக்குத்தான் இது கை நழுவுகிறது.

காகித வேலைக்கு நல்ல காலம் அந்த மழை வாரங்கள்தான். உங்களுக்கும் வேலை இருக்காது, என் கடையிலும் கூட்டம் இருக்காது. பரீட்சை முடிவு வரும் மே, ஜூனில் வந்தால் மாணவர்கள் வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். கணவன் மனைவி இரண்டு பேருடைய ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பழைய அட்டை, ஒரு புகைப்படம். கூடவே ஓடிபி வருகிற அந்தப் போன், ரீசார்ஜ் செய்ததாக.